வேட்டங்குடிக்கு வருவது சைபீரிய விருந்தாளியா, நம்ம ஊர் நாரையா?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாடி என் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ தவறாமல் வந்துவிடும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம், பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். உருக்கமான இசை. "சைபீரியாவிலிருந்து பறந்து வரும் விருந்தாளிகள்" என்று ஒரு குரல். காரைக்குடிக்காரன் என்ற முறையில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஒரு வரி தப்பு. சின்னத் தப்பும் இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று பாசனக் கண்மாய்கள். மொத்தம் 38.4 ஹெக்டேர், சுமார் 95 ஏக்கர்.

அங்கே கூடு கட்டுவது யார்? நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, இராக்கொக்கு, நீர்க்காகம். எல்லாம் இந்தியாவிலேயே பிறந்து வளர்கிற பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் தக்கபடி இடம் மாறும், அவ்வளவுதான். வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கு வருவது உண்மை. ஆனால் அவை குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடும், இங்கே முட்டையிடுவதில்லை.

பட்டாசால் அதிகம் பாதிக்கப்படுவது கூட்டில் இருக்கும் பறவைதான். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகியதும், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டத் தொடங்கும். தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான். வெடிச்சத்தத்தில் தாய்ப்பறவை எழுந்து போய்விட்டால் முட்டையும் குஞ்சும் காக்கைக்குத்தான். ஊர்க்காரர்கள் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். வீடியோக்கள் இதைத் 'தியாகம்' என்கின்றன. எனக்கு இது கொடுக்கல் வாங்கலாகத் தெரிகிறது. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் இல்லையா?

சரி, சைபீரியா என்று சொன்னால் என்ன கெட்டுப்போகிறது? விருந்தாளிக்குத் தங்க இடம் கொடுத்தால் போதும். 95 ஏக்கர் கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது. வீட்டு ஆள் என்றால் வருஷம் முழுக்கச் சாப்பாடு வேண்டும். நத்தைகுத்தி நாரை நத்தை தேடுவது வயலிலும் சுற்றுவட்டாரக் கண்மாய்களிலும். சரணாலயம் பிரசவ அறை. சமையலறை வேலிக்கு வெளியே. வரத்துக்கால் அடைபட்டு, வயல் பிளாட்டாகிவிட்டால், ஒரு பட்டாசுகூட வெடிக்காவிட்டாலும் குஞ்சு பட்டினிதான். இந்த விஷயம் எந்த வீடியோவிலும் வருவதில்லை.

'செட்டிநாட்டில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்' வகைக் கட்டுரைகளுக்கு இன்னொரு கோளாறு: மாதம் சொல்வதில்லை. அப்படி ஒன்றை நம்பி, ஒரு மே மாதம் கல்யாணத்துக்கு வந்த கையோடு மகளை அழைத்துக்கொண்டு போனேன். வெடித்துக் கிடந்த கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மகள் முகம் வாடிவிட்டது. ஆடு மேய்த்த பெரியவர் சொன்னார்: "தண்ணி வந்தாத்தான் தம்பி அதுக வரும். கம்மா நெறையலேன்னா எங்களுக்கே வெள்ளாமை இல்ல, அதுகளுக்கு எங்க?" நான் படித்த அத்தனை கட்டுரைகளையும்விட அந்த இரண்டு வாக்கியத்தில் விஷயம் அதிகம்.

காட்சியை மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் தாய்லாந்தின் மாயா பே. 2000-ல் வந்த 'தி பீச்' படத்தால் பிரபலமாகி, கூட்டம் தாங்காமல், பவளப்பாறைகள் சிதைந்து, 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். வேட்டங்குடிக்கு அந்த அளவு கூட்டம் இல்லை. ஆனால் எழுதுகிற முறை அதேதான்: அழகு உண்டு, அது எதனால் நிற்கிறது என்பது இல்லை.

பயணக் கட்டுரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வீடியோ இல்லாவிட்டால் கொள்ளுக்குடிப்பட்டி பெயரே பல பேருக்குத் தெரிந்திருக்காது. எழுதுகிறவர்கள் மூன்று விஷயம் சேர்த்தால் போதும்: எந்த மாதம், எந்தப் பறவை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது.

உங்கள் ஊர்க் கண்மாயிலோ வயலிலோ நத்தைகுத்தி நாரையைப் பார்த்திருந்தால், மாதத்தோடு எனக்கு எழுதுங்கள். சேர்த்து வைக்கிறேன்.