பொன்வாகையும் பொன்னாடையும்

பூச்சோங் வட்டாரத்தில் இரப்பர் மரங்கள் இன்னும் சில எஞ்சியிருந்த காலம். சிறுவராயிருந்த நாம் தந்தையாருடன் ஒரு நினைவு நாட் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். மேடையில் நேதாஜியின் படம், படத்திற்கு மாலை. இந்திய தேசிய இராணுவத்தில் சிப்பாயாயிருந்து, பின்னர் ஆயுள் முழுதும் பால்மரம் சீவிய முதியவர் ஒருவரை மேடையேற்றி, வந்திருந்த பிரமுகர் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. கூட்டம் கலைந்தது, பிரமுகரின் மோட்டார் வண்டியும் போய்விட்டது. முதியவர் ஆடையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தம்பி, என்னை லயத்து வீடுவரை கொண்டுபோய் விட முடியுமா?" என்று நம் தந்தையாரைக் கேட்டார்.

இதற்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பென்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. அந்தப் பொன்னாடையை நெய்து கொடுத்தவர்கள் புலவர்களே என்பது நமது துணிபு. எப்படியெனிற் கூறுவோம்.

நாம் பயின்றது ஆங்கிலப் பள்ளியில். 1854-இல் கிரிமியப் போரில் பாலக்லாவாக் களத்திற் பாய்ந்த குதிரைப்படையைப் பற்றி டென்னிசன் பாடிய பாட்டை நாம் மனனம் செய்து ஒப்பித்தோம். அப்பாட்டிற்கு ஒரு மறுமொழி உண்டென்பதை ஆசிரியர் எவரும் நமக்குச் சொல்லவில்லை. 1890-இல் கிப்ளிங் அதை எழுதினார். அப்படையில் எஞ்சிய இருபது பேர், உண்ண உணவின்றி, தம்மைப் பாடிய கவிஞரையே தேடிச் சென்று, பாட்டை விட்ட இடத்திலிருந்து எழுதுமாறு கேட்பதாக அவர் கற்பித்தார். கிப்ளிங் ஏகாதிபத்தியத்தின் கவிஞர். அவர் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் புகழ்ப்பாட்டு எவ்விடத்தில் பொய்யாகிறதென்பதை அவர் கண்டுகொண்டார்.

நம் தமிழில் அவ்வுணர்ச்சி இல்லையோவெனின், இருந்தது, நாமே மறந்தோம். சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதையைப் படித்துப் பாருங்கள். சேரன் செங்குட்டுவன் கனக விசயர் தலையிற் கல்லேற்றி வந்து, கங்கையில் அதனை நீராட்டுகிறான். சாதாரணப் புலவராயின் அங்கிருந்து நேரே வஞ்சிக்கு ஊர்வலம் நடத்தியிருப்பார். இளங்கோவோ கங்கையின் தென்கரைப் பாடியில் நம்மை நிறுத்துகிறார். களத்தில் மாண்டோரை எண்ணுகிறார். கவசஞ் சிதைந்து மார்பிற் புண்ணோடு மீண்டோரை எண்ணுகிறார். அரசன் வீரரை வருகவென்றழைத்து, வழக்கமான நேரமும் கடந்துபோகப் பொன்னாற் செய்த வாகைப்பூவைத் தன் கையாற் கொடுக்கிறான். ஊர் சென்றபின் பார்ப்போமென்று சொல்லவில்லை. செங்குட்டுவன் அறத்தின் உருவமல்லன். மாடலன் பின்னர் அவனை இடித்துரைக்கத்தான் வேண்டியிருந்தது. அத்தகைய போர்ச்செருக்குடையவனுக்கே கல் ஒன்று, ஆள் வேறு என்பது தெரிந்திருந்தது.

புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியாரும் இதையே வகுத்தார். தாய், தந்தை, கொல்லன், காளை ஆகியோரின் கடன்களோடு வேந்தனுக்கும் ஒரு கடனை வைத்தார். மேடைப் பேச்சாளர்கள் காளையின் கடனை முழங்குவார்கள். வேந்தன் கடன் வரும்போது தொண்டை கம்மிவிடும்!

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் திரண்டு படையிற் சேர்ந்தனர். 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் மாண்ட வீரருக்கு நேதாஜி கல் நாட்டினார்; செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினர். அவர்கள் பகைவர், பகைவரை நாம் நோவானேன்? 1945 நவம்பரில் செங்கோட்டையில் படைத்தலைவர் மூவர்மீது வழக்குத் தொடங்கியபோது, நெடுநாள் முன் துறந்த வழக்கறிஞர் அங்கியை நேரு மீண்டும் அணிந்து வந்தார். அது தேர்தற் காலம். அவ்வீரரின் பெயர் மேடைதோறும் ஒலித்தது. விடுதலைக்குப் பின் அதே நேருவின் சர்க்கார், முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இப்படைக்கு வந்தவரை மீண்டும் படையிற் சேர்க்கவில்லை. படை ஒழுங்கு என்னும் காரணம் கூறப்பட்டது. காரணத்தில் நியாயம் இருக்கலாம். வயிற்றுக்கு அது விடையாகுமா? இந்தியாவில் விடுதலை வீரர் உபகாரச் சம்பளத் திட்டம் வெள்ளிவிழா ஆண்டாகிய 1972-இல் வந்தது. அதில் இப்படையினரும் இடம்பெற்றனர். இருபது வயதிற் துப்பாக்கி ஏந்தியவனுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. நம் தோட்டத்துத் தொண்டருக்கோ திரும்பிச் செல்லப் படையே இல்லை, பால்வாளிதான் இருந்தது.

அதே 1972-இல் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நூலாக வெளிவந்தது. அதன் சிறப்பு யாதெனின், படை கலைந்தபின் பாண்டியன் என்ன ஆனான் என்று கேட்டதே. அவனுக்கு அவர் மாலை சூட்டவில்லை. ஊர் திரும்பவும் விடவில்லை. நம் மலாயாப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் வரும் நினைவுக் கவிதைகளை இதனோடு ஒப்பிடுக. அவை வீரத்தில் தொடங்கி 'வாழ்க'வில் முடியும். நடுவில் ஒரு புண் இல்லை. ஒரு பிடி அரிசி இல்லை. நாமும் அத்தகைய ஒன்றை எழுதி அச்சேற்றியவர்களே. ஆதலின் பிறரை மட்டும் குறை கூறவில்லை. கவிஞன் 'வாழ்க' என்று முடித்துவிட்டால், தலைவனுக்கும் அவ்வளவில் முடித்துக்கொள்ள வழி பிறக்கிறது. பொன்னாடையின் விலை குறைவு. வேந்தன் கடனோ மாதந்தோறும் வருவது.

அப்படையினருட் பெரும்பாலோர் இன்று இல்லை. நாம் கண்ட முதியவரும் இல்லை; அவர் வாழ்ந்த லயமும் இல்லை. ஆயினும் இந்நாட்டுப் படையிலும் போலீசிலும் பணி செய்து ஓய்ந்த தமிழர் நம் பட்டணங்களில் இருக்கின்றனர். எழுதும் அன்பர்களே, அவர்களைப் பாட விரும்பினால் முதலில் அவர்கள் வீட்டுக்குச் சென்று வாருங்கள். படிக்கும் அன்பர்களே, மேடையில் ஒரு வீரருக்கு ஆடை போர்த்தப்படும்போது கைதட்டுவதற்கு முன், அவர் எப்படி வீடு திரும்புவார் என்று எழுந்து கேளுங்கள்.