ஆசிரியர் தினமும் அன்பளிப்பும்

மாணாக்கர் ஆசிரியருக்குப் பொருள் தருவது நம் மரபே என வாதிடுவோர் பழைய நூல்களைத் துணைக்கு அழைப்பர். அழைக்கட்டும், அந்நூல்கள் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும் அன்றோ? நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கத் தக்கவர் யாவர் எனக் கூறுகையில், ஆசான் மகன், மன்னன் மகன் ஆகியோரோடு மிகுந்த பொருள் கொடுப்பவனையும் சேர்த்தே எண்ணுகிறது. பவணந்தியார் இதில் ஒளிவு மறைவு வைக்கவில்லை. அக்காலத்து ஆசிரியருக்குத் திங்கள்தோறும் ஊதியம் தருவார் இலர். இரகுவம்சத்திலோ வரதந்து முனிவர், காணிக்கை தர முன்வந்த மாணவன் கௌத்சனிடம், நீ செய்த பணிவிடையே போதும் என்கிறார். அவன் விடாது வற்புறுத்தவே சினம் கொண்டு, கற்பித்த பதினான்கு வித்தைகளுக்கும் பதினான்கு கோடிப் பொன் கேட்கிறார். துரோணர் ஏகலைவனிடம் வாங்கிய கட்டைவிரலை மட்டும் எவரும் மரபுக்குச் சான்றாகக் காட்டக் காணோம்!

திண்ணைப் பள்ளிக் காலத்தில் நவராத்திரி நாள்களில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடுவீடாகச் சென்று வாத்தியாருக்குப் பணம் திரட்டினர். இந்நாட்டிலும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்களைப் பள்ளி நடத்தப் பணித்ததே தவிர, வாத்தியாரை வயிறார உண்ணச் செய்யவில்லை. தோட்டத்துத் தாய்மார் கொடுத்தனுப்பிய கீரைக்கட்டும் கோழிமுட்டையும் அன்பளிப்பு என்பதைவிடப் பாதி ஊதியம் என்பதே பொருந்தும்.

இன்று நிலைமை வேறு. அரசாங்கம் ஊதியம் தருகிறது, ஓய்வூதியமும் உண்டு. 1956 மே 16இல் ரசாக் அறிக்கை கூட்டரசுச் சட்டமன்றத்தில் ஏற்கப்பெற்றதை நினைவுகூர்ந்து, 1972 முதல் அந்நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். கல்விக் கொள்கையின் நினைவாகப் பிறந்த நாள், கடைத்தெருவின் நாளாகி வருகிறது. பேனாவில் தொடங்கியது கைக்கடிகாரத்தில் வந்து நிற்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தொகையைச் சொன்னால், கூடாது என மறுத்துரைக்க மற்றவர்க்கு நா எழுவதில்லை.

பொருளின் விலையைவிட, அது கொடுக்கப்படும் முறையே என்னை உறுத்துகிறது. வகுப்பறை மேசைமீது வண்ணத்தாள் சுற்றிய பொட்டலங்கள் குவிகின்றன. வெறுங்கையோடு வந்த பிள்ளை பின்வரிசையில் குனிந்து அமர்ந்திருக்கிறது. மறு ஆண்டு அதே நாளில் அப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. வருகைப் பதிவேட்டைப் புரட்டும் தலைமையாசிரியருக்கு அக்காய்ச்சலின் காரணம் விளங்காமற் போகாது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தவை பல. அன்பளிப்பை மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்பது அவற்றுள் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. அதுவரை, முகமறியாத ஒருவர் விடைத்தாளைத் திருத்தினார். இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையுள்ள அடைவு நிலைகளுள் பிள்ளைக்கு எதைத் தருவது என்று முடிவு செய்பவர் அவ்வாசிரியரே. மே மாதத்தில் கடிகாரம் வாங்கிய கை, ஆண்டிறுதியில் அந்த எண்ணை எழுதுகிறது. அக்கை நேர்மையானதாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆயினும் பின்வரிசைப் பிள்ளையின் தாய் அதனை எவ்வாறு நம்புவாள்?

தென்கொரியர் ஆசிரியர் தினத்தை நமக்கு ஒரு நாள் முன்னதாக, மே 15இல் கொண்டாடுவர். அங்கே 2016இல் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, மாணவர் தனியே ஒரு பூவைக்கூடத் தரலாகாது. வகுப்பின் சார்பில் மாணவத் தலைவர் யாவரும் காணத் தரலாம். ஒற்றைப் பூவுக்குச் சட்டமா எனச் சிலர் நகைக்கக்கூடும். எனக்கு அச்சட்டத்தில் நகைப்புக்குரியதாக ஒன்றும் தோன்றவில்லை. நம் நாட்டிலும் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் 1993ஆம் ஆண்டு முதல் பரிசுப் பொருள்கள் பற்றிப் பேசுகின்றன. ஆசிரியர் அறையில் அவற்றை எடுத்துப் படிப்போர் எத்தனை பேர்?

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஏப்ரல் மாதத்திலேயே தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் கையொப்பமிட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். ஆசிரியர் தினத்தன்று தனிப்பட்ட அன்பளிப்பு எதுவும் ஏற்கப்படமாட்டாது. விரும்பும் பிள்ளைகள் தம் கைப்பட நான்கு வரி தமிழில் எழுதித் தரலாம். பொருள் தர விரும்பும் பெற்றோர் பள்ளி நூலகத்துக்குப் பெயர் குறிப்பிடாமல் ஒரு நூல் வாங்கித் தரலாம் என்று அதில் இருந்தால் போதும்.