ஊட்டுப்புரையில் யார் சாப்பிட்டார்கள்?

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தவர்களிடம் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நாலு விஷயம் வரும். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் கருப்புத் தரை. அதில் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்களாம். 64 மூலிகை மரங்களில் செய்ததாகச் சொல்லும் கட்டில். படையில் சேர வந்தவர்கள் தூக்கிக் காட்ட வேண்டிய உருண்டைக் கல். பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கு. தமிழில் வரும் பயணக் குறிப்புகளிலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். என் விமர்சனம் இந்தப் பட்டியலின் மேல்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தக்கலைக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூரின் அதிகாரம் இங்கேதான்.

அருங்காட்சியகம் என்ற அளவில் இது அபூர்வமான இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை எட்ட நின்று பார்க்கிற வேலை இங்கே குறைவு. கட்டடம்தான் காட்சிப்பொருள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும். மந்திரசாலையின் மரச்சட்டங்கள் வழியாக வெளிச்சம் வடிகட்டி வரும். மரவேலையைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் போகலாம்.

ஆனால் இந்தக் கட்டடம் அழகை மட்டும் சொல்லவில்லை. உப்பரிகை மாளிகையைப் பாருங்கள். நாலு தளம். கீழே கருவூலம். அதற்கு மேலே ராஜாவின் படுக்கை அறை. அந்த மூலிகைக் கட்டில் இங்கேதான். உச்சியில், சுவரெல்லாம் ஓவியங்களோடு, பெருமாளுக்கென்று ஓர் அறை. மார்த்தாண்ட வர்மா எட்டு வீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கி, 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு "பத்மநாபதாசன்" ஆனவர். அதற்குப் பிறகு ராஜாவை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பது. வரி கொடுப்பது சாமிக்குக் கொடுப்பது. கீழே காசு, மேலே கடவுள், நடுவில் ராஜா. ஓர் அரசியல் சாசனத்தையே மரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். நாமோ கட்டிலில் எத்தனை மரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து ஊட்டுப்புரை. இரண்டு தளங்களில் நீண்ட கூடம், ஊறுகாய் வைத்திருந்த பெரிய ஜாடிகள். ஒரு தளத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம் என்பார்கள். கேட்டதும் "எவ்வளவு பெரிய அன்னதானம்!" என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் அந்த ஆயிரம் பேர் யார்? திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டவை. பசித்தவர் எல்லாருக்குமானவை அல்ல. அங்கே இலையும் காய்கறியும் எப்படி வந்தன? விருத்தி நிலம் வைத்திருந்தவர்கள் கோயில்களுக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் இவற்றைக் கொண்டுவந்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்; சந்தை விலை கிடைக்காது. அவர்களுக்கும் கீழே, கூலி இல்லாத ஊழியத்துக்கு இழுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கும் கீழே, நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு அனுமதித்தது 1859-இல், அதுவும் இதே தெற்குத் தாலுகாக்களில் பல வருஷம் அடியும் தீவைப்பும் நடந்த பிறகு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "மேலாடைக் கலகம் நடந்தபோது தலைநகர் இங்கே இல்லையே, அதை ஏன் இந்தக் கட்டடத்தின் தலையில் கட்டுறீங்க?" சரிதான். 1859-க்கு இந்த அரண்மனை சாட்சி இல்லை. ஆனால் யார் உள்ளே வரலாம், யார் எவ்வளவு தூரத்தில் நிற்கணும், யார் உழைப்பில் யார் சாப்பிடலாம் என்ற ஒழுங்கு தலைநகர் மாறிய பிறகு பிறந்ததில்லை. இந்தக் கூடத்தில் இலை போட்ட காலத்திலேயே இருந்தது. இங்கே பந்தி நடந்தபோது வாசலைக்கூட நெருங்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பின்னாளில் தெருவில் இறங்கினார்கள்.

தச்சரின் கைத்திறனை வியப்பதும் இதைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. உளி பிடித்தவரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று தெரிந்தால், பூமுகத்துக் கூரையில் செதுக்கிய பூக்களை இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம்.

இன்று டிக்கெட் வாங்கிய யாரும் அந்தக் கூடத்துக்குள் நடக்கலாம். சாதி கேட்பாரில்லை. அரண்மனை அருங்காட்சியகம் ஆனதில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன், ஆனால் எந்தப் பயணப் பட்டியலிலும் இது வருவதில்லை. அடுத்த தடவை போனால் கருப்புத் தரையைப் படம் எடுத்துவிட்டு ஊட்டுப்புரைக்கும் வாங்க. திங்கள்கிழமை விடுமுறை.