மாமியாரின் துப்பறிதல்

இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் முதலில் ஒரு துப்பறியும் நாவலாசிரியர். அவருடைய ‘மர்டர் யெட் டு கம்’ 1930இல் புத்தகமாக வந்தது. இன்று அவர் பெயர் நிற்பது வேறொன்றால். எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமைச் சோதனையின் ‘எம்’ அவர். ‘பி’ அவருடைய அம்மா கேத்தரின் பிரிக்ஸிடமிருந்து வந்தது. அகமுகியா புறமுகியா, கண்டதை நம்புபவரா உள்ளுணர்வை நம்புபவரா, முடிவெடுக்கும்போது தர்க்கம் பார்ப்பவரா மனசு பார்ப்பவரா, திட்டம் போட்டு வாழ்பவரா போகிற போக்கில் வாழ்பவரா. நாலு கேள்வி, நாலு எழுத்து, மொத்தம் 16 வகை மனிதர்கள். தென்கொரியாவில் இளைஞர்கள் முதல் சந்திப்பிலேயே இந்த எழுத்துகளைக் கேட்டுவிடுகிறார்கள். எந்த எழுத்துக்கு எந்த எழுத்து சேரும் என்று அட்டவணைகள் இருக்கின்றன.

இந்தக் கோட்பாடு அறிவியலா இல்லையா என்ற சண்டை பழையது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஏதாவது ஒரு எழுத்து மாறிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் நடுவாந்தரமாக இருக்க, சோதனை அவர்களை நடுவில் கோடு கிழித்துப் பிரிக்கிறது. இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்தக் கோட்பாடு எந்த நேரத்தில் ஒருவருக்குத் தேவைப்பட்டது என்பது.

யுங் 1921இல் ‘உளவியல் வகைகள்’ நூலை வெளியிட்டார். ஃப்ராய்டும் அட்லரும் ஒரே நோயாளியைப் பார்த்து ஏன் இரண்டு கதை சொல்கிறார்கள், நான் ஏன் மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன் என்பதுதான் அவரைக் குடைந்த கேள்வி. ஃப்ராய்டோடு இருந்த நட்பு 1913இலேயே முறிந்திருந்தது. அதாவது நட்பு போன பிறகு உட்கார்ந்து யோசித்ததன் விளைவு அந்த நூல். கேத்தரின் கதை இன்னும் வீட்டுக்குள் நடப்பது. 1917 வாக்கில் மகள் இசபெல் தனக்குப் பிடித்த கிளாரன்ஸ் மயர்ஸைப் பற்றிச் சொல்ல, அம்மா அவரைப் பார்க்கிறார். பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனா நம்ம வீட்டு மனுஷங்க மாதிரி இல்லையே! அந்தப் புதிரை அவிழ்க்க அவர் மனித வகைகளைத் தேடித் தேடிப் படித்தார். 1923இல் யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அதைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் அதற்கு முன்பே, 1918இல், முடிந்துவிட்டது. எந்த எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல்.

இரண்டு இடத்திலும் ஆள் ஏற்கெனவே வாழ்க்கைக்குள் வந்தாயிற்று. வந்தவரைப் புரிந்துகொள்ளத்தான் வகை தேவைப்பட்டது. இன்றைய அட்டவணைகள் இதைத் தலைகீழாக்கி, ஆள் வருவதற்கு முன்பே வகையை வாசலில் காவலுக்கு நிறுத்துகின்றன. ஆட்களை இப்படி வகை பிரித்து ஒட்டுவது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று யுங்கே பின்னாளில் சலித்துக்கொண்டார். கேட்பார் யார்?

இசபெல் இறந்த 1980ஆம் ஆண்டில் அவருடைய ‘கிஃப்ட்ஸ் டிஃபரிங்’ வெளிவந்தது. தலைப்பு, பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. ஆளுக்கொரு வரம் என்று பொருள் கொள்ளலாம். அதில் திருமணம் பற்றி வரும் அத்தியாயம் நூலின் நல்ல பகுதிகளில் ஒன்று. 375 தம்பதிகளைச் சோதித்ததில் கணவன் மனைவியிடையே வேறுபாட்டைவிட ஒற்றுமை அதிகம் என்று கண்டதைச் சொல்கிறார். எதிரெதிர் துருவங்கள் ஈர்க்கும் என்ற கதைக்கு அது உதவவில்லை. ஆனால் ஒற்றுமை பார்த்துக் கட்டுங்கள் என்றும் அவர் ஆணையிடுவதில்லை. அவரும் கணவரும் அவருடைய கணக்குப்படியே நாலில் மூன்று எழுத்து வேறானவர்கள்! வேறுபாடு மோதலாகும்போது உன் மேல் தப்பு என்று கோபப்படலாம், என் மேல் தப்பு என்று சோர்ந்துபோகலாம், அல்லது இருவரும் நியாயமாகவே வேறு வேறு என்று கண்டு சிரித்துக்கொள்ளலாம் என்கிறார். அந்த மூன்றாவது வழியைச் சொல்ல ஒரு வயசு வேண்டும்.

ஆனால் அந்தச் சிரிப்பு இரண்டு பேருக்கும் சமமாகக் கிடைக்கிறதா? “நான் தர்க்கம் பார்க்கிற டைப், அப்படித்தான் பேசுவேன்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தினமும் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போகிற வீடுகளும் உண்டு. சம்பளம் யார் கையில், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லீவு யார் போடுவது, இதற்கெல்லாம் எழுத்து கிடையாது. பதினாறு வகையுமே வரம் என்று ஆரம்பித்த நூலில் காயத்துக்கு இடமில்லை. எளிதில் கலங்குவது, எரிந்து விழுவது, மனசு ஓயாமல் பதறுவது ஆகியவற்றை உளவியலின் ‘பிக் ஃபைவ்’ முறை ஒரு தனி அளவாகவே வைத்திருக்கிறது. மணவாழ்வின் அதிருப்தி பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் குணம் அதுதான். இந்த நாலெழுத்தில் அது இல்லை. கெட்ட செய்தி சொல்லாத சோதனையை யாருக்குத்தான் பிடிக்காது?

நம்ம பத்துப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறது. தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம். பிறந்த நட்சத்திரத்தை வைத்துக் குணம் சொல்வதில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. ராட்சச கணம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் பட்ட பாடும் தெரியும். ஆனாலும் வீட்டுக்குள் ராட்சசமும் வரும் என்று அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்கிறது. பாட்டியின் பஞ்சாங்கத்தைக் கிண்டலடித்துவிட்டுச் செயலியில் நாலெழுத்தைப் போட்டுக்கொள்கிற பேரனுக்குக் கிடைப்பது பதினாறு தேவ கணம் மட்டுமே.

இசபெல் துப்பறியும் கதை எழுதியவர் என்பதை இங்கே மறக்கக் கூடாது. அந்த வகைக் கதையில் யாரையும் கடைசி அத்தியாயம் வரை முழுசாக நம்பக் கூடாது. அவருடைய சோதனையில் 16 பேரையும் முதல் பக்கத்திலேயே நம்பிவிடச் சொல்கிறார்கள்.