பள்ளிகளில் பருவநிலைக் கல்வியும் அரசியல் ஆதரவும்: பினாங்கு மாநிலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, தன் 12ஆம் பிரிவில், பருவநிலை மாற்றம் பற்றிய கல்வியை வளர்க்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. எனினும், யுனெஸ்கோ 2021இல் வெளியிட்ட ஆய்வில், 100 நாடுகளின் கலைத்திட்டங்களுள் 47 விழுக்காட்டில் அதுபற்றிய குறிப்பே காணப்படவில்லை. அரசியலார் மேடையில் நல்கும் ஆதரவு வகுப்பறையை எந்த அளவு எட்டுகிறது என்பதைப் பினாங்கு மாநிலத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

ஆதரவும் அதன் எல்லையும்

பினாங்கு அரசு சுற்றுச்சூழலைப் புறக்கணித்தது என்று கூறுதல் பொருந்தாது. 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் தொடங்கிய 'இலவச நெகிழிப் பை இல்லை' இயக்கம், 2011 ஜனவரி முதல் எல்லா நாள்களுக்கும் விரிந்தது. அவ்வாண்டிலேயே பினாங்குப் பசுமை மன்றமும் அமைந்தது. ஆயினும், மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் அதிகாரத்திற்குட்பட்டது. மாநில அரசு மானியம் வழங்கலாம், இயக்கம் நடத்தலாம், கலைத்திட்டத்தை மாற்ற இயலாது. கூட்டரசின் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்திலோ சுற்றுச்சூழல் பேணல் 'விரவிவரும் கூறுகளுள்' ஒன்றாகவே இடம்பெற்றது. எல்லாப் பாடங்களிலும் விரவ வேண்டியது எதிலும் ஊன்றாமற் போவதுண்டு என்பதை ஆசிரியர் அறிவர்.

பழக்கமும் காரணமும்

இத்தகைய ஆதரவு மாணவரின் பழக்கத்தைத் திருத்த முனைகிறது. காரண அறிவை வளர்க்க முனைவது குறைவு. 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் நேர்ந்த மண்சரிவில் 11 பேர் மாண்டனர். இரு வாரங்களில், நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பெய்த பெருமழை வெள்ளத்தில் மாநிலத்தில் எழுவர் உயிரிழந்தனர். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது கொள்ளும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும் என்பது அறிவியற் பாடம். பெய்த நீர் ஏன் வடியவில்லை, குன்றுச் சரிவுகளில் கட்டடம் எழுப்ப இசைவளிப்பவர் யார் என்பன நிலப் பயன்பாட்டைப் பற்றிய வினாக்கள். இரண்டையும் பிரித்துணரக் கற்பிப்பதே முழுமையான பருவநிலைக் கல்வியாகும்.

இங்குதான் ஆதரவின் உரைகல் உள்ளது. தீவின் தென்கடலைத் தூர்க்கும் திட்டத்தின் சுற்றுச்சூழல் இசைவு, மீனவர் மேல்முறையீட்டால் 2021இல் நீக்கப்பட்டு, 2023இல் மீண்டும் வழங்கப்பட்டது. இருதரப்புச் சான்றுகளையும் மாணவர் சீர்தூக்கிப் பார்க்க ஆள்வோர் இடமளிப்பாரா? நெகிழிப் பையை மறுக்கச் சொல்வதில் அவர்களுக்கு இழப்பில்லை. தம் திட்டங்களையே வினவும் அறிவைப் போற்றுவதற்குத் துணிவு வேண்டும்.

முடிவுரை

பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மற்றொரு தேவையும் உண்டு. நாம் 'பருவநிலை' என்பதைத் தமிழ்நாட்டு அரசு 'காலநிலை' என வழங்குகிறது. இன்றைய மழையைக் குறிக்கும் 'வானிலை'யோடு இச்சொற்கள் குழம்புமாயின், பல பத்தாண்டுகளில் நிகழும் மாற்றத்தை மாணவர் உணர்தல் அரிது. சொற்பொருள் வரையறையும் உள்ளூர்ச் சான்றுகள் கொண்ட தமிழ்ப் பாடத்துணை நூல்களும் உருவாகக் கூட்டரசின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. அவை பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் ஆசிரியர்களும் இணைந்து இப்போதே மேற்கொள்ளத்தக்க பணிகள் என்பது நம் கருத்து.