செம்மழைத் துளியில் வேற்றுலக உயிரா?

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு சாலையில் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டிச் சின்னாற்றைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 2001 ஜூலை 25 முதல் செப்டம்பர் வரை அந்த மாவட்டத்திலும் கோட்டயத்திலும் விட்டு விட்டுச் சிவப்பு மழை பெய்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் கறையானது. அந்தச் சிவப்பு, வால்மீனிலிருந்து வந்த உயிராக இருக்கலாம் என்று கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் எழுதினார்கள். 2006-இல் அக்கட்டுரை வானியற்பியல் இதழ் ஒன்றில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது.

அவர்கள் நுண்ணோக்கியில் கண்டது பொய்யல்ல. 4 முதல் 10 மைக்ரான் அளவில், தடித்த சுவருடன், உருண்டையும் நீள்வட்டமுமாகச் செந்நிறத் துகள்கள். பத்துப் பதினைந்தை வரிசையாக அடுக்கினால் ஒரு தலைமுடியின் அகலம் வரும். பார்த்தவுடன் உயிரணு என்றுதான் தோன்றும். ஆனால், உயிரணு போல் இருக்கிறது என்பது ஒன்று, அது எங்கிருந்து வந்தது என்பது வேறு. முதலாவதை நுண்ணோக்கி சொல்லும், இரண்டாவதைச் சொல்லாது.

அந்த இரண்டாவதற்கு அவர்கள் தந்த சான்றுகள் பலவீனமானவை. முதல் மழைக்குச் சற்று முன் சங்கனாச்சேரிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாம். விண்கல் சிதறியிருக்கும் என்றார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மேலடுக்கிலும் காற்று சும்மா இருப்பதில்லை. ஒரே நாளில் சிதறிய தூள் இரண்டு மாதம் ஏறக்குறைய அதே வட்டாரத்தின் தலைமேல் காத்திருந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துகள்களில் டிஎன்ஏ இல்லை என்பது அடுத்த சான்று. சாயம் ஏற்றிப் பார்த்துச் சொன்னது அது. தடித்த சுவரை உடைக்காவிட்டால் சாயம் உள்ளே போகாமலே இருக்கலாம்.

திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையம் நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விண்கல் வெடிப்பு என்று முதலில் சொன்னதே அந்த மையம்தான். சில நாளில் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் துகளைப் பார்த்ததும் சிதல் (ஸ்போர்) போலிருக்கிறதே என்று, முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றது. பாலோடு தாவரவியல் பூங்காவில் அவற்றை வளர்த்தபோது முளைத்தது டிரெண்டிபோலியா என்ற பாசி. கேரளச் செம்மழைச் சிதல்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வும் அந்தப் பேரினத்தையே காட்டியது. மூணாறு பக்கம் ஈரமான மரப்பட்டைகளில் செம்மஞ்சள் கம்பளித் துணி போல் படிந்திருக்கும் பாசி இந்த வகைதான். இனத்தால் பச்சைப்பாசி, கரோட்டின் நிறமி பச்சையை மூடிவிடுகிறது.

லூயிஸ், குமாரின் அவசரத்துக்கு மாறாக, மேலடுக்கில் நுண்ணுயிர் உண்டா என்று பார்க்க 2005-இல் இஸ்ரோ ஐதராபாத்திலிருந்து பலூன் விட்டு 20 முதல் 41 கிலோமீட்டர் உயரக் காற்றைச் சேகரித்தது. ஒப்பீட்டுக்கெனக் கட்டுப்பாட்டுச் சோதனைகளும் வைத்திருந்தார்கள். கிடைத்த 12 பாக்டீரியாத் திரள்களில் 9 பூமியில் தெரிந்தவை. புதியவையான 3-ஐக்கூட வேற்றுலகத்தவை என்று நிறுவிவிட்டதாக 2009-இல் அறிவித்தபோது அவர்கள் சொல்லவில்லை. வடிவம் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு உதாரணம், 1996-இல் செவ்வாயிலிருந்து வந்த விண்கல்லில் புழு வடிவங்களைக் கண்ட நாசா குழு: வடிவத்தைச் சான்றாகக் கொண்ட அவர்களின் வாதமும் கடும் மறுப்பைச் சந்தித்தது.

ஆக, செம்மழை வேற்றுலக உயிர் என்ற கருதுகோள் தோற்றுவிட்டது என்பதே என் முடிவு. பாசித் தரப்பிலும் ஒரு ஓட்டை உண்டு: இவ்வளவு சிதல் ஒரே பருவத்தில் எப்படி மேகத்துக்கு ஏறியது? திருவனந்தபுரம் மையத்தின் அறிக்கைக்கே அது விளங்கவில்லை. அதற்கு விடை தேடுகிறவருக்கு, எந்த ஊரில் எந்த நாளில் மழை சிவந்தது என்று நாளிதழ்ச் செய்திகளிலிருந்து லூயிஸும் குமாரும் திரட்டிவைத்த தகவல்தான் முதலில் வேண்டியிருக்கும்.