பத்தொன்பது வயதில் பெரிய கிளப்

ஜெர்மனியின் பெண்கள் கால்பந்தில் ஓர் இளம் முன்கள வீராங்கனை பேசப்படத் தொடங்கிவிட்டால், அடுத்து நடப்பதை ஊகிப்பது கடினமல்ல. வளர்த்த கிளப்பை விட்டுப் பயர்ன் மியூனிக்குக்கோ வொல்ஃப்ஸ்பர்க்குக்கோ அவர் போய்விடுவார். 2013 முதல் 2025 வரை லீக் பட்டத்தை இந்த இரண்டு கிளப்புகளைத் தவிர வேறு யாரும் வென்றதில்லை. பட்டம் இருக்கும் இடத்துக்குத் திறமையும் போகிறது. யூலே பிராண்ட் 2022இல் ஹோஃபன்ஹைமிலிருந்து வொல்ஃப்ஸ்பர்க்குக்குப் போனபோது அவருக்கு வயது 19. இப்படி இளவயதிலேயே பெரிய கிளப்புக்குப் போவது ஆட்டக்காரரின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற கருத்து பரவலாக உண்டு. பிராண்டின் இதுவரையான ஆட்ட வாழ்க்கை அதை உறுதிப்படுத்தவில்லை என்றே நான் கருதுகிறேன். இந்த வழக்கத்தில் கேடு இருக்கிறது. ஆனால் அதைச் சுமப்பவர் வீராங்கனை அல்ல.

ரைன் நதிக்கரை ஊரான கெர்மர்ஸ்ஹைமில் 2002இல் பிறந்த பிராண்ட், ஹோஃபன்ஹைமில் இருந்தபோதே தேசிய அணிக்குள் நுழைந்துவிட்டார். 2021 ஏப்ரலில் வீஸ்பாடனில் ஆஸ்திரேலியாவை ஜெர்மனி 5-2 என வென்ற ஆட்டம்தான் அவருடைய முதல் சர்வதேச ஆட்டம். மாற்று வீராங்கனையாக இறங்கி, ஒரு கோலுக்கு வழி அமைத்து, தானும் ஒன்று அடித்தார். அதே ஆண்டின் இறுதியில் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் ஹோஃபன்ஹைம் ஆர்சனலை 4-1 என வீழ்த்தியது. குழுச் சுற்றைத் தாண்ட முடியவில்லை என்றாலும், அந்த வெற்றி ஒரு பொதுவான வாதத்தை ஆட்டம் காண வைக்கிறது. ஐரோப்பியத் தரத்தைத் தொட வேண்டுமானால் பெரிய கிளப்புக்குப் போயே ஆக வேண்டும் என்பார்கள். பிராண்ட் அந்தத் தரத்தை எட்டிப் பார்த்தது சிறிய கிளப்பின் சட்டையில்தான். பெரிய கிளப்பால் கூடுதலாகத் தர முடிந்தது ஒன்றே: அந்தத் தரத்தில் ஆண்டுதோறும் ஆட வேண்டிய கட்டாயம்.

அந்தக் கட்டாயம் எளிதாக இருக்கவில்லை. வொல்ஃப்ஸ்பர்க்கில் அலெக்ஸாண்ட்ரா பாப், ஏவா பாயோர் என்று கோலடிப்பதில் பெயர் பெற்றவர்கள் நடுவில் நிற்க, பிராண்டுக்குக் கிடைத்தது ஓரத்து வேலை: பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவது, எதிரணியின் வரிசையை உடைப்பது, கடைசிப் பந்தைப் பிறருக்குத் தருவது. ஒரு வாரம் மின்னுவார், மறுவாரம் காணாமல் போவார். முடிவெடுப்பதில் அவசரம், ஆட்டத்தில் சீரின்மை என்ற குறைகள் நியாயமாகவே சுட்டிக்காட்டப்பட்டன. 2023, 2024 ஜெர்மன் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தவர், இடையில் 2023 உலகக் கோப்பையின் குழுச் சுற்றிலேயே ஜெர்மனி முதன்முறையாக வெளியேறிய அவலத்தையும் கண்டார். இவருக்கு எதிராக லெயா ஷூல்லரை நிறுத்தலாம். எஸன் கிளப்பில் பதின்பருவத்திலிருந்தே ஆடிக் கோலடித்துப் பழகி, 22ஆம் வயதில்தான் அவர் பயர்னுக்குப் போனார். அதனால்தான் நிலையாக நின்றார் என்று சொல்லலாம். ஆனால் நடுக்களத்தில் ஆடும் லேனா ஓபர்டோர்ஃப் அதே எஸனை விட்டு வொல்ஃப்ஸ்பர்க்குக்குப் போனது 18 வயதில். இரண்டே ஆண்டுகளில் அவர் ஐரோப்பாவின் சிறந்தவர்களுள் ஒருவர் ஆனார். ஆகவே வயது மட்டும் எதையும் விளக்கிவிடாது. ஓரத்தில் ஆடுபவர் நூறு முறை முயன்று தவறித்தான் தேர்கிறார். அந்தத் தவறுகளுக்குப் பிறகும் களத்தில் வைத்திருக்கும் பயிற்சியாளர் வாய்க்கிறாரா என்பதே கேள்வி. 2025 ஐரோப்பியக் கோப்பையில் விடை தெரிந்தது. போலந்துக்கு எதிராக வலப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து இடக்காலால் அடித்த கோல், பின்பு ஷூல்லர் தலையால் முட்டிய கோலுக்கு அனுப்பிய பந்து, ஸ்வீடனுக்கு எதிராக 7ஆவது நிமிடத்தில் அடித்த கோல் என்று, தாக்குதலின் பாரத்தைத் தோளில் ஏற்ற ஒரு வீராங்கனையைப் பார்த்தோம். வொல்ஃப்ஸ்பர்க்கில் அவர் தடுமாறிய மூன்று ஆண்டுகள் இல்லாமல் இது வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் கேடு எங்கே? வளர்த்தவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதில். ஷூல்லரையும் ஓபர்டோர்ஃபையும் ஆளாக்கிய எஸன் 2020இல் இருவரையும் ஒரே கோடையில் இழந்தது. 2012வரை பட்டம் வென்றுகொண்டிருந்த டுர்பீனே பாட்ஸ்டாம் 2023இல் முதல் பிரிவிலிருந்தே இறங்கியது. இளம் வயதில் வெளிநாட்டுக்கு மாறும் ஆண் ஆட்டக்காரருக்காக வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு தரச் சொல்லும் ஃபிஃபா விதி, பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று அதே விதித்தொகுப்பில் எழுதப்பட்டிருக்கிறது. 2025இல் ஒப்பந்தம் முடிந்து பிராண்ட் பிரான்ஸின் லியோனுக்குப் போனபோது, நேற்றுவரை எடுக்கும் இடத்தில் இருந்த வொல்ஃப்ஸ்பர்க் கொடுக்கும் இடத்துக்கு வந்தது. ஸ்யூக்கே நூஸ்கன் 2023இல் பிராங்க்பர்ட்டிலிருந்து செல்சிக்குப் போனதையும் சேர்த்துப் பார்த்தால், ஜெர்மன் லீகே மெல்ல ஒரு வளர்ப்புக் களமாகிறது.

இழப்பீடு கேட்டால் பெண்களின் மாற்றமே முடங்கும், கிளப்புகள் வாங்கத் தயங்கும் என்ற எதிர்வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. இவர்களின் ஆட்டக்காலம் குறுகியது. 2024 ஒலிம்பிக்குக்குச் சில நாள்கள் முன்பு ஓபர்டோர்ஃபின் முழங்கால் தசைநார் கிழிந்தது; வாய்ப்பு வந்தபோது போகாதவருக்கு அடுத்த வாய்ப்பு வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே போகும் உரிமையில் கைவைக்கக் கூடாது. ஆண்களுக்கான விதியை அப்படியே நகல் எடுப்பதும் தீர்வாகாது. ஏற்கெனவே தொழில்முறை ஆட்டக்காரராக இருப்பவர் மாறும்போது அவ்விதியின்படி இழப்பீடு கடைசிக் கிளப்புக்கே போகும். பிராண்ட் விஷயத்தில் அது வொல்ஃப்ஸ்பர்க்கின் கணக்கில் சேர்ந்திருக்கும், ஹோஃபன்ஹைமுக்கு ஒரு யூரோவும் வந்திராது. ஹோஃபன்ஹைமிலிருந்து வொல்ஃப்ஸ்பர்க்குக்கு என்ற உள்நாட்டு மாற்றத்தையோ அந்த விதி தொடுவதே இல்லை. அது ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பு. வாங்கும் கிளப்பின் வருவாயைப் பொறுத்து ஏறி இறங்கும் ஒரு சிறு தொகையை, வளர்த்த ஆண்டுகளின் கணக்கில் பிரித்துத் தரும்படி சங்கம் விதிக்கலாம். பெரிய கிளப் அதற்காக ஒரு வீராங்கனையை வேண்டாம் என்று சொல்லாது. 2015 முதல் 2024 வரை தொடர்ந்து பத்து முறை ஜெர்மன் கோப்பையை வென்ற வொல்ஃப்ஸ்பர்க்கை 2025 காலிறுதியில் வெளியேற்றியது இதே ஹோஃபன்ஹைம்தான். ஆட்களை இழந்தபடியே இவ்வளவு செய்ய முடிந்த கிளப்புக்கு, பிராண்டை வளர்த்த செலவில் ஒரு பங்காவது திரும்பக் கிடைத்தால், அடுத்த பெண் இன்னும் இரண்டு பருவங்கள் அங்கேயே ஆடலாமா என்று யோசிக்கவாவது இடம் இருக்கும்.